ஊறாத ஒன்றரை விரல்

தொண்டைமானாற்று மட்டைக் கிடங்கில் மணிக்கூடு இல்லை. இருந்தாலும் அதைப் பார்க்கத் தெரிந்தவள் அங்கே எவளும் இல்லை. கிடங்கில் வேலை செய்த பெண்களுக்கு மணிக்கூடு அவர்களுடைய விரல்தான்.

ஏரிக்கரைச் சேற்றுக் குழிகளில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை எட்டு மாதம் புதைத்து, மேலே முருகைக்கல் ஏற்றி வைத்திருப்பார்கள். அழுகிப் பதமான மட்டைகளை இடுப்பளவு தண்ணீரில் நின்று கிளறி எடுத்து, அலசிக் கரைக்கு எறிய வேண்டும். கரையில் இருப்பவர்கள் கொட்டனால் அடித்துத் தும்பாக்குவார்கள். கொட்டன் பிடித்தவளுக்குத் தோள் மட்டும் நோகும். தண்ணீரில் நிற்பவளுக்கு நோகாத இடம் இல்லை. ஆகவே முறை மாற்றிக்கொள்வார்கள். இறங்கியவளின் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி, வெயிலில் கிடந்த நாவற்பழம் போலானால் அவள் கரையேறலாம். அதற்குப் பெயர் கை காட்டுதல்.

கை பார்ப்பவள் சின்னாச்சி. கண்ணில் பூ விழுந்து பாதிப் பார்வை போனவள். ஆதலால் கண்ணால் பார்க்காமல் தன் பெருவிரலால் மற்றவளின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். கோடையில் ஏரி உவரேறிக் கடுக்கும்போது விரல் ஊறுவதற்கு வெகுநேரம் பிடிக்கும் என்பதும், மாரியில் மழைத்தண்ணீர் கலந்ததும் சட்டென்று ஊறிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். காரணம் கேட்டால், "தண்ணி தோலுக்கை போகுது, தோல் பொருமுது. இதுக்கென்ன சாத்திரமே வேணும்?" என்பாள்.

ஒருமுறை ஒருத்தி வீட்டிலேயே கையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு வந்து, இறங்கியதும் இறங்காததுமாக ஏறப் பார்த்தாள். சின்னாச்சி விரலைத் தடவிவிட்டு, "கை சரி. இனிக் காலைத் தூக்கடி. காலும் சாட்சி சொல்லோணும்" என்றாள். அன்று கிடங்கு சிரித்த சிரிப்பில் அடித்த தும்பெல்லாம் பறந்தது. அதன் பிறகு அந்த மணிக்கூட்டை ஏய்க்க ஒருத்தியும் துணியவில்லை.

தங்கமுத்து அதை ஏய்க்க நினைத்தவள் அல்ல. மயிலிட்டியிலிருந்து பதினெட்டு வயதில் தம்பிஐயாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தம்பிஐயா வலைத்தொழில். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த சூட்டிலேயே பறிகொடுத்து, மூன்றாவதாகத் தங்கியவள் சிவக்கொழுந்து. அவளுக்கு எட்டு வயது. தங்கமுத்து குறைவாகப் பேசுவாள், கூடுதலாகச் சுமப்பாள். பத்து வருடக் கிடங்கு வேலையில் ஒருநாளும் சின்னாச்சியிடம் ஏச்சு வாங்காதவள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழு, மாசி மாதம். அவள் தண்ணீரில் நின்றபடி வலக்கையை நீட்டினாள். சின்னாச்சி பெருவிரலிலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். மோதிர விரலில் நின்றாள்.

"என்னடி இது? பெருவிரல் ஊறியிருக்கு, ஆள்காட்டி ஊறியிருக்கு, நடுவிரல் ஊறியிருக்கு. சின்னவிரல் ஊறேல்லை."

"நல்லாப் பாருங்கோ மாமி. எல்லாம் ஒரே தண்ணிக்கைதான் நிண்டது."

"நல்லாத்தான் பாத்தனான். மோதிர விரலிலை பாதி ஊறியிருக்கு, பாதி ஊறேல்லை. கத்தியாலை கீறி விட்ட மாதிரி. இறங்கு, இறங்கு. இன்னும் கொஞ்சம் நில்."

தங்கமுத்து இறங்கி நின்றாள். இன்னொருத்தி ஏறினாள், வேறொருத்தி இறங்கினாள், அவளும் ஏறினாள். தங்கமுத்துவின் சின்னவிரல் அரைத்த சந்தனக்கட்டை போல வழுவழுவென்றே இருந்தது. மோதிர விரலில் நடுவிரல் பக்கம் சுருங்கியிருந்தது. சின்னவிரல் பக்கம் சுருங்கவில்லை.

"தண்ணிக்கே உன்னிலை பயமடி" என்றாள் ஒருத்தி.

"ராசாத்தி விரல். உழைக்கப் பிறக்கேல்லை, மோதிரம் போடப் பிறந்தது" என்றாள் இன்னொருத்தி.

தங்கமுத்துவும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும்போது அந்த ஒன்றரை விரலையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கிடங்குப் பெண் ஒருத்தியிடம் கிடங்கு தொடாத இடம் ஒன்று இருந்தது.

ஆனால் முறை முறைதான். விரல் ஊறாதவள் ஏற முடியாது. மற்றவர்கள் இரண்டு தரம் ஏறி இறங்க அவள் தண்ணீரிலேயே நின்றாள். ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு ஒரு உபாயம் கண்டாள். கை காட்டும்போது ஒன்றரை விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு மூன்று விரலை மட்டும் நீட்டினாள். "மட்டைச் சிராய் ஏறிப் போச்சு மாமி, நீட்டேலாது" என்றாள். சின்னாச்சி மூன்றைத் தடவிவிட்டு விட்டுவிட்டாள். பத்து வருடத்தில் தங்கமுத்து சொன்ன முதற் பொய் அது.

பங்குனி முழுவதும் அப்படியே மடக்கினாள். சித்திரை பிறந்தபோது ஒன்றைக் கவனித்தாள். மடக்குவதற்கு இப்போது மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. விரல் இரண்டும் தாமாகவே மடங்கி நின்றன. நீட்டுவதற்குத்தான் மறுகை தேவைப்பட்டது.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம். அடுப்பிலிருந்து ஒடியல்கூழ்ப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். சிவக்கொழுந்து குசினி வாசலில் கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலிக்கொண்டிருந்தவள், மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, மீன் கருகுதோ?"

"மீன் எங்கையடி, இண்டைக்குக் கூழெல்லோ."

பிள்ளை எழுந்து வந்து பார்த்தாள். "அம்மா, உங்கடை கை வேகுதம்மா" என்றாள். அதைச் சாதாரணமாக, பூனை வந்திருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

தங்கமுத்து குனிந்து பார்த்தாள். சின்னவிரல் கொள்ளிக்கட்டையின் மேல் கிடந்தது. தோல் கறுத்துப் பொங்கியிருந்தது. அவள் விரலை எடுத்தாள். பிறகுகூட நோகவில்லை.

அவளுக்கு அப்போதுதான் சின்னையாவின் ஞாபகம் வந்தது.

சின்னையா அவளுடைய தகப்பனின் தம்பி. மயிலிட்டியில் வளவின் கோடியில், பனங்கூடலுக்குள் அவருக்கு ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வியாதியின் பெயரை வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. "அவருக்கு வருத்தம்" என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். பெரியவர்கள் கொட்டிலுக்குப் போகமாட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைத்தோ, நினைக்காமலோ, சோறும் தண்ணீரும் கொண்டுபோக அவளைத்தான் அனுப்புவார்கள். ஐந்து வருடம் அனுப்பினார்கள். சின்னையா நல்லவர். பனங்குருத்தில் கிலுகிலுப்பை செய்து கொடுப்பார். தலையைத் தடவிவிடுவார். அவர் தொட்டியில் நெடுநேரம் கையை அலசுவதை அவள் குந்தியிருந்து பார்ப்பாள். "உங்கடை கை ஏன் சின்னையா கிழவிக் கையாகுதில்லை?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் கையைத் துவாய்க்குள் ஒளித்துக்கொண்டார். அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது காக்கி உடுப்புப் போட்ட இரண்டு பேர் மாட்டுவண்டியோடு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கொட்டிலைக் கொளுத்தினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

பதினேழு வருடம். அவள் விரலை மடித்து எண்ணவில்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். பதினேழு வருடமாக அது உள்ளே சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவளுக்குத் தன் கையைப் பற்றிய கவலை போய்விட்டது. சிவக்கொழுந்துவின் கையைப் பற்றிய கவலை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைக்கு எண்ணெய் வைத்து முழுக வார்ப்பது வழக்கம். இப்போது முழுக வார்த்த பின் கிணற்றடியில் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் வைத்து, பிள்ளையின் இரண்டு கைகளையும் அதற்குள் வைக்கச் செய்தாள். பிள்ளைக்கு அது விளையாட்டு. "கிழவிக் கை, கிழவிக் கை" என்று பாடிக்கொண்டிருப்பாள். ஊறிய பின் தங்கமுத்து ஒவ்வொரு விரலையும் தன் இடக்கைப் பெருவிரலால் சின்னாச்சியைப் போலத் தடவுவாள். வலக்கையால் தொடமாட்டாள். பத்தும் ஊறியிருக்கும். அந்த வெள்ளி கழியும். அடுத்த வெள்ளி வரை மூச்சுவிடலாம்.

கிடங்கில் அவளுடைய பொய் சித்திரை நடுவில் முடிந்தது. மட்டை அலசும்போது கையில் கெளிற்று மீன் முள் ஏறி, அவளைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. அவளைத் தவிர எல்லோரும் கண்டார்கள். சின்னாச்சி அவளைக் கரைக்கு வரச்சொல்லி, தாழை மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வலக்கையைப் பிடித்து மடங்கிய விரல்களை விரிக்கப் பார்த்தாள். விரிந்தன. விட்டதும் மடங்கின. கிழவி முழங்கை வரை தடவினாள். முழங்கையின் உட்புறத்தில் நரம்பு வடக்கயிறு போலத் தடித்திருந்தது. அவள் கையை விடவில்லை. அதைத் தங்கமுத்து கடைசிவரை மறக்கவில்லை.

"எவ்வளவு நாளாயடி?"

"மாசியிலை நீங்கள்தானே மாமி முதல் கண்டது."

"நான் கண்டும் காணாமல் போனன். உன்னை இன்னும் தண்ணிக்கை நிக்க விட்டன்." கிழவி அந்த விரல்களை மெல்ல மடித்து வைத்தாள். "நான் வாய் திறக்கமாட்டன். முள் ஏறினது, ஆசுப்பத்திரிக்குப் போட்டாள் எண்டு சொல்லுவன். நாளைக்குக் கிடங்குக்கு வராதை. ஒண்டு மட்டும் கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. உன்ரை பெட்டை ஆரோடை படுக்கிறவள்?"

பிள்ளை பிறந்த நாளிலிருந்து தங்கமுத்துவின் வலக்கையில்தான் தலை வைத்துப் படுப்பாள்.

அன்று பாயைத் தள்ளிப் போட்டாள். விடிந்து பார்த்தால் பிள்ளை உருண்டு வந்து அதே கையில் கிடந்தது. நடுவில் நெல்லு மூட்டை வைத்தாள். அதையும் ஏறிக் கடந்து வந்து கிடந்தது.

வைகாசியில் வந்த ஒரு வெள்ளியைத்தான் தங்கமுத்து தன் வாழ்நாளில் மிக நீண்ட பகல் என்று பிறகு சொல்லுவாள். முழுக வார்த்து, சட்டியில் கையை வைக்கச் செய்தாள். பிள்ளை பாட்டுப் பாடி முடித்தாள். தடவிப் பார்த்தாள். பெருவிரல் கொஞ்சம் ஊறியிருந்தது. மற்றவை ஊறவில்லை.

"இன்னும் கொஞ்சம் வையடி."

வைத்தாள். நடுவிரல் ஊறியது. ஆள்காட்டி ஊறியது. மோதிர விரலும் சின்னவிரலும் அப்படியே இருந்தன. இடக்கையிலும் அப்படியே.

"பசிக்குதம்மா."

"விரல் ஊறினாப் பிறகுதான் சோறு."

"ஏனம்மா?"

"வை எண்டால் வையடி."

அவள் ஒருநாளும் அப்படி உரத்துப் பேசியதில்லை. பூவரசம் நிழல் சட்டியை விட்டு நகர்ந்து, கிணற்றுக்கட்டில் ஏறி, துலாக்காலைத் தொட்டது. தம்பிஐயா கரையிலிருந்து வந்தவர் படலையில் நின்றபடி, "என்ன விளையாட்டு உது? பிள்ளை வெயிலுக்கை காயுது" என்றார். தங்கமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். செல்வச்சந்நிதி முருகனிடம் என்ன கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் எதை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்ற பயம்.

தம்பிஐயா கால் கழுவக் கிணற்றில் அள்ளி, வாயில் ஒரு கை தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். "கிணறு நல்லா உவரேறிப் போச்சு. வாயிலை வைக்கேலாது" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோடை. உவர்த்தண்ணீரில் விரல் பிந்தித்தான் ஊறும். பத்து வருடம் கிடங்கில் நின்று கற்ற அந்த ஒரு விஷயம் பயத்தில் மறந்து போயிருந்தது. இன்னும் கொஞ்சநேரத்தில் மோதிர விரல்கள் ஊறின. கடைசியாகச் சின்னவிரல்கள், இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. அவள் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டாள்.

அடுத்த நாள் காலை தம்பிஐயா மீன்வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னாள். கையையும் காட்டினாள். அவர் ஊசியைக் கீழே வைக்காமல் நெடுநேரம் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்றார். "வளவின்ரை கோடியிலை ஒரு கொட்டில் போட்டுத் தாறன். கிடுகு நல்ல கிடுகாப் போடுவம். உம்மை ஒருத்தரும் கொண்டுபோகேலாது. நான் இருக்கிறன்."

"ஓம், போடுவியள். ஆர் சோறு கொண்டு வாறது?"

"நான் கொண்டு வாறன்."

"நீங்கள் கடலுக்குப் போனால்?"

அவர் ஊசியை வலைக்கண்ணுக்குள் விட்டார்.

"இஞ்சாருங்கோ. என்ரை சின்னையாவுக்கும் கொட்டில்தான் போட்டவை. சோறு கொண்டு போனது நான். அவருக்கு இரங்கி என்னை அனுப்பினவை, அந்த வருத்தத்தை எனக்குத் தந்து போட்டினம். எங்கடை பெட்டையை நான் அந்தக் கொட்டில் வாசலிலை காணமாட்டன்."

அவர் அழவில்லை. வலையின் ஒரே கண்ணைத் திரும்பத் திரும்பப் பொத்திக்கொண்டிருந்தார்.

உடுப்பிட்டிப் பக்கத்து மருந்துச் சாலைக்கு அவள் நடந்தே போனாள். பிள்ளை பத்தடி பின்னால் தகப்பனோடு வந்தாள். அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஒரு சேவல் இறகை எடுத்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் அங்குமிங்குமாகத் தடவினார். எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். பல இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேசையில் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

"நீயாக வந்திருக்கிறாய். இப்படி ஒருத்தரும் வாறதில்லை. எப்படிக் கண்டுபிடிச்சனி?"

அவள் கிடங்கைப் பற்றியும், கை காட்டுவதைப் பற்றியும், பாதி ஊறிய மோதிர விரலைப் பற்றியும் சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"தண்ணி தோலுக்கை போய்த்தான் ஊறுது எண்டு நானும் நினைச்சிருந்தன்" என்றார். "அப்பிடியெண்டால் உன்ரை விரலும் ஊறியிருக்கோணும். தண்ணி ஒண்டு, தோல் ஒண்டு. செத்தது உள்ளுக்கை இருக்கிற நரம்புதான். நரம்பு சொன்னால்தான் தோல் சுருங்குது போலை." அவர் தன் விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளையைப் பாருங்கோ ஐயா."

இறகு பிள்ளையின் மேல் போனது. போன இடமெல்லாம் பிள்ளை கிச்சுக்கிச்சு மூட்டியது போலச் சிரித்தாள்.

"இப்ப ஒண்டுமில்லை."

"இனி?"

"அதை ஆராலும் சொல்லேலாது. அஞ்சு வருஷத்திலையும் வரலாம், இருபதிலையும் வரலாம். வராமலும் விடலாம்."

மட்டக்களப்புப் பக்கம், வாவிக்கு நடுவில் இந்த வருத்தக்காரரை வைத்திருக்கும் தீவு ஒன்றுக்கு அவளை அனுப்புவதாக எழுதினார்கள். புறப்படும் அன்று சின்னாச்சி படலை வரை வந்தாள். தங்கமுத்து கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையின் விரலைத் தடவிப் பார்க்க வேண்டும், பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும் மட்டும். "அதுவரை நான் இருப்பனோடி?" என்றாள் கிழவி. பிறகு, "பாக்கிறன். போட்டு வா" என்றாள். வா என்று சொன்னது பழக்கத்தில் வந்த வார்த்தை.

தீவில் அவளுக்குக் கடிதம் வாசித்துக் காட்டியவர் பாஷையூர் யாகப்பு. அவரும் வலைத்தொழிலாளிதான். கால்விரல்கள் போனவர். தம்பிஐயாவின் தபாலட்டை மாதம் ஒன்று வரும். மழை, மீன்பாடு, கோயில் திருவிழா எல்லாம் எழுதியிருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்று. யாகப்பு அதை முதலில் வாசிப்பார், அவளுக்கு அதுதான் வேண்டுமென்று அவருக்குத் தெரியும்.

"பத்தும் ஊறுதாம் பிள்ளை."

"திரும்ப ஒருக்கா வாசியுங்கோ அண்ணை."

"பத்தும் ஊறுது. மையாலை எழுதிக் கிடக்கு. நம்பு பிள்ளை."

அவளால் நம்ப முடியவில்லை. எழுத்து அவளுக்குத் தெரியாது, ஆனால் மறைப்பது தெரியும். சிராய் ஏறிப் போச்சு மாமி, நீட்டேலாது என்று சொன்னவள் அவள். பெரிய பொய்க்காரியல்லாத ஒருத்தி ஒன்றரை விரலை எவ்வளவு சுலபமாக மடக்கலாம் என்பது அவளை விட எவருக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவளின் மனம் நோகக்கூடாது என்று ஒரு புருஷன் எழுதக்கூடிய வரிதானே அது.

யுத்தம் வந்தது. வாவிக்கு மேலால் விமானங்கள் போயின. தபால் மாதக்கணக்கில் பிந்தியது. நாற்பத்துமூன்றில் சின்னாச்சி செத்துப்போன செய்தி வந்தது. அதே அட்டையில், பத்தும் ஊறுது என்றும் இருந்தது. யார் தடவிப் பார்த்தார்கள் என்று இல்லை.

யாகப்புவைக் கொண்டு எழுதுவித்தாள்: ஆர் பாக்கிறது?

நாற்பத்துநான்கு கார்த்திகையில் பதில் வந்தது. தபாலட்டை அல்ல, உறை. யாகப்பு பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை நான் வாசிக்கத் தேவையில்லை" என்று அவளிடமே கொடுத்தார்.

கடுதாசியில் எழுத்து இரண்டே வரி. அதன் கீழே பத்துக் கரிப்பொட்டுகள். சிவக்கொழுந்து, இப்போது பதினைந்து வயதுக்காரி, கையைத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, பானைக்கரியில் தோய்த்து, ஒவ்வொரு விரலாகப் பதித்திருந்தாள். தாய்க்கு எழுத்துத் தெரியாது, விரல் தெரியும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

தங்கமுத்து கடுதாசியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இடக்கை. பெருவிரலில் கரிக்கு நடுவே வெள்ளை வரிகள் ஆழமாக ஓடின. ஊறிய விரல். ஆள்காட்டி, ஊறியிருக்கிறது. நடுவிரல், மோதிர விரல், சின்னவிரல். எல்லாம் நாவற்பழம். வலக்கை. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரலில் நெடுநேரம் நின்றாள். இரண்டு பக்கமும் வரி இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

சின்னவிரல் கறுப்பாக இருந்தது. வரி இல்லை.

கரி கூடுதலாக ஒட்டியிருக்கலாம். பதிக்கும்போது கை இழுபட்டிருக்கலாம். ஒரு ஓரம் தேய்ந்திருந்ததும் உண்மை. கடைசி விரல் என்பதால் அதற்குள் காய்ந்து, ஊறல் இறங்கியும் இருக்கலாம். கார்த்திகை, மாரித் தண்ணீர். உவர் என்று சொல்ல வழியில்லை. அவள் கடுதாசியைத் திருப்பினாள், சரித்தாள், வெயிலுக்குப் பிடித்தாள்.

"என்ன பிள்ளை?" என்றார் யாகப்பு.

"ஒரு அட்டை எழுதவேணும் அண்ணை. இப்பவே."

அவர் பேனையை எடுத்து வந்தார். அவள் யோசித்து யோசித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வலக்கைச் சின்னவிரலைத் திரும்பப் பதிச்சு அனுப்பு. கரி கொஞ்சமாப் பூசு. அதை முதல் பதி, கடைசியிலை பதியாதை. ஆரும் மறிச்சாலும் பதி."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

அட்டையைக் கொண்டுபோகும் வள்ளம் திங்கட்கிழமைதான் வரும். அன்று வெள்ளிக்கிழமை. தங்கமுத்து இறங்குதுறைக்குப் போய் உட்கார்ந்தாள்.